1 சதவீத நிலம், அணை நிறைய வண்டல்

அணை நிரம்பிடுச்சுன்னு கேட்டா நமக்கு சந்தோஷம். ஆனா தண்ணீருக்குப் பதிலா மண்ணால நிரம்பினா?

ஸ்பெயின்ல, பிரெனீஸ் மலையடிவாரத்துல பராசோனான்னு ஒரு அணை இருக்கு. 1932-ல கட்டினது. அரகோன்–கட்டலோனியா கால்வாய்ப் பாசனம் இதை நம்பித்தான் இருக்கு. வண்டல் சேர்ந்து சேர்ந்து, 1990-களின் நடுவில் அணையையே காலி பண்ணி, அடி மதகு வழியா சேற்றை வெளியேற்ற வேண்டியதாச்சு. அப்போ கேள்வி இதுதான்: இவ்வளவு மண்ணும் எங்கிருந்து வருது?

இதுக்கு மாடல் போடுறவங்க முதல்ல கையில எடுக்கிறது, அமெரிக்காவில் விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கின மண் இழப்புச் சமன்பாடு. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கிற செடிகொடி, விவசாயி எடுக்கிற பாதுகாப்பு எல்லாத்தையும் பெருக்கினா, வருஷத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் மண் போகும்னு ஒரு சராசரி கிடைக்கும். எளிமையான கணக்கு. ஆனா அது சுமார் 22 மீட்டர் நீளமுள்ள வயல் துண்டுகளை அளவுகோலா வெச்சுப் பிறந்தது. மலைக்கு அப்படியே கொண்டுபோனா மூணு இடத்துல இடிக்கும்.

ஒண்ணு, ஓடைப் பள்ளங்கள். பராசோனாவுக்கு வர்ற இசாபெனா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி 445 சதுர கிலோமீட்டர். அதில் 1 சதவீதத்துக்கும் குறைவான இடம், மார்ல் என்கிற மென்மையான களிப்பாறை மொட்டையா அரிச்சுக் கிடக்கிற நிலம். ஆற்று வண்டலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருது. மாடல்ல ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு எடுத்தீங்கன்னா, அந்தச் சின்னச் சின்னத் திட்டுகள் சராசரிக்குள்ளே காணாமப் போயிடும்.

ரெண்டு, நேரம். மத்தியதரைக்கடல் பகுதி மழை, வருஷம் முழுக்க நிதானமா பெய்யாது. சில புயல்மழைகளே பெரும்பாலான மண்ணை அள்ளிட்டு வந்துடும். வெள்ளத்தின்போது இசாபெனாவில் ஒரு லிட்டர் தண்ணீரில் 300 கிராமுக்கும் மேல் வண்டல் அளந்திருக்காங்க. வருஷ சராசரி இதைக் காட்டாது.

மூணு, வழி. சரிவை விட்டுக் கிளம்பின மண் எல்லாம் அணைக்கு உடனே வந்து சேராது. கொஞ்சம் ஆற்றுப் படுகையிலேயே தங்கி, அப்புறம் வர்ற சின்ன வெள்ளத்திலும் கிளம்பும். அதனால நல்ல மாடல், அரிப்பு, கடத்தல், படிதல்னு மூணையும் தனித்தனியா, மழைக்கு மழை கணக்குப் போடணும்.

மாடல் சொல்றது சரியான்னு எப்படிப் பார்க்கிறது? பிரான்ஸின் தெற்கு ஆல்ப்ஸில், த்ரே என்கிற ஊர்ப் பக்கம், 1980-களிலிருந்து அளந்துட்டு வர்றாங்க. அங்கே லவால், ப்ருஸ்கே என்று ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர், ரெண்டிலும் அதே கருப்பு மார்ல். லவாலின் பெரும்பகுதி மொட்டை. ப்ருஸ்கேயில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரம் நட்டுக் காடாக்கிட்டாங்க. லவாலில் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு மேல் மண் போகுது. ப்ருஸ்கேயில் அதில் ஒரு சின்னப் பங்குதான். ரெண்டையும் ஒரே மாடல் சரியா சொன்னா, அதை நம்பலாம்.

என்னைப் பொறுத்தவரை, இந்தக் கணக்கோட பயன் 'மொத்தம் எத்தனை டன்'ங்கிற பதில் இல்லை; 'எங்கே'ங்கிற பதில்தான். 445 சதுர கிலோமீட்டர் முழுக்க மரம் நட யார்கிட்டேயும் காசு கிடையாது. 4 சதுர கிலோமீட்டருன்னா யோசிக்கலாம். தூர் வாருற செலவை அணையில் கொட்டுறதா, மலைமேலே கொட்டுறதா என்கிற முடிவை எடுக்க அந்த ஒரு பதில் போதும்.