முதலில் சுருக்கு, பிறகு பூட்டு

மயிலாப்பூர் ஸ்கேன் சென்டரில் எடுத்த எக்ஸ்ரே, நோயாளி அடையாறு போய்ச் சேர்வதற்குள் டாக்டரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. தி. நகர் ஸ்டூடியோவின் கல்யாணப் படங்களும் அப்படித்தான் பயணிக்கின்றன. படத்தின் சுமை குறைய வேண்டும். வழியில் அந்நியர் கண்ணில் படவும் கூடாது. படத்தைச் சுருக்குவது, குறியாக்கத்தால் பூட்டுவது ஆகிய இந்த இரண்டு துறைகளிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு.

கிண்டியில் படித்தவர்

1.2 கோடி புள்ளிகள் கொண்ட வண்ணப்படம் சுருக்கப்படாமல் 3.6 கோடி பைட் இடம் பிடிக்கும். அதை வெகுவாகக் குறைப்பது ஜேபெக் முறை. அதன் அடிப்படை, நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம். ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்விவரங்களை ஜேபெக் கழித்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் அந்த நுண்விவரமே நோயின் தடயமாக இருக்கலாம். அதனால் மருத்துவப் படங்களுக்கு எதையும் இழக்காத சுருக்கமே பாதுகாப்பானது.

கேயாஸ் தரும் சாவி

படத்தைப் பூட்டும் சாவியை, விதிப்படி நடந்தும் ஊகிக்க முடியாதபடி மாறும் கேயாஸ் இயக்கத்திலிருந்து பெறலாம். மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய இயற்பியல் கருத்தரங்கிலிருந்து 1962இல் பிறந்தது கணித அறிவியல் நிறுவனம். இன்று தரமணியில் இயங்கும் அந்த நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய சுதேஷ்ணா சின்ஹா, ஆய்வாளர் வில்லியம் டிட்டோவுடன் சேர்ந்து, கேயாஸைக் கொண்டே கணக்குப் போடலாம் என்று 1998இல் காட்டினார். அதற்கு முன்பே, 1994இல், கேயாஸை உண்டாக்கும் முரளி–லட்சுமணன்–சுவா மின்சுற்று உலக ஆய்வாளர்களுக்கு அறிமுகமாகிவிட்டது.

கேயாஸின் குணத்தை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்க்கலாம். 0.3ஐ எடுத்து, 1லிருந்து அதைக் கழித்து வரும் 0.7ஆல் பெருக்கி, விடையை 4ஆல் பெருக்கினால் 0.84. அதையே திரும்பச் செய்தால் 0.5376. தொடக்க எண்ணின் ஆறாவது தசமத்தில் 1 கூடினாலும், சுமார் இருபது படிகளில் இரண்டு வரிசைகளும் சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிடும். அந்தத் தொடக்க எண்தான் சாவி. அதிலிருந்து வரும் எண்களைக் கொண்டு படத்தின் புள்ளிகளை இடம் மாற்றலாம், மதிப்பையும் மாற்றலாம். ஆய்வாளர் ஜெசிகா ஃப்ரிட்ரிச் 1998இல் வகுத்த இந்த வழியைப் பின்பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன.

வரிசையும் சோதனையும்

சுருக்கம் என்பது திரும்பத் திரும்ப வருவதைத் தேடிப் பிடிப்பது. நன்றாகப் பூட்டிய படத்தில் அப்படி எதுவும் மிஞ்சாது. அதனால் பூட்டிய பிறகு சுருக்க முயன்றால் பலனில்லை. முதலில் சுருக்கினால் பூட்ட வேண்டிய பைட்டுகளும் குறையும்.

கணினியில் தசம இடங்களுக்கு எல்லை உண்டு. ஆகவே கேயாஸ் வரிசை என்றாவது ஒருநாள் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். இந்த வகைப் பூட்டுகள் பல உடைக்கப்பட்டும் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகள் காட்டும் சமமான பரவல் வரைபடமும், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி உயர்ந்திருப்பதும் புள்ளிகளின் மதிப்புகள் சமமாகப் பரவியதற்குச் சான்று. உடைக்க முடியாது என்பதற்குச் சான்று அல்ல. 2001இல் தரநிலையான ஏஇஎஸ் என்னும் குறியாக்க முறை, உலகமே தாக்கிப் பார்த்தும் நிற்கிறது. நோயாளியின் படத்துக்கு இன்று அதுதான் தகும். கேயாஸ் ஆய்வாளர்களும் தங்கள் நிரலை வெளியிட்டு, உடைத்துப் பாருங்கள் என்று பிறரை அழைக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறும் பூட்டை மருத்துவமனைகள் நம்பி வாங்கலாம்.