இடுப்பில் வைத்த கம்பியை எடுக்க வேண்டுமா?

தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்து கம்பி வைத்த பெரியவர்களுக்கு, எலும்பு கூடிய பிறகு அதை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. கிருமி பிடித்தால், கம்பி உடைந்தால், ஸ்க்ரூ மூட்டுக்குள் குத்தினால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள்.

எடுப்பது சில நேரம் வைப்பதைவிடக் கஷ்டம். கம்பியின் நுனியை எலும்பு வளர்ந்து மூடியிருக்கும். ஸ்க்ரூவின் தலை தேய்ந்து திருப்புளி வழுக்கும். திருப்புளியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, கம்பியின் ஸ்டிக்கர் மூன்றையும் ரேஷன் கார்டு மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். நம் வீடுகளில் முதலில் தொலைவது அந்தக் கவர்தான். அதைப் பார்த்தால் டாக்டர் பொருத்தமான கருவியை முன்கூட்டியே வரவழைப்பார்.

எடுத்தபின் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை விழுந்தால் அங்கேயே முறியலாம். டாக்டர் சொல்லும்வரை வாக்கரை விடாதீர்கள். தொழுகையும் நாற்காலியிலேயே இருக்கட்டும்.