காசின் வேறுபாடு காதுக்குத் தெரியுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரல்களுக்கிடையே தோலை ஒரு முறை தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். 1.2 மில்லிமீட்டர் தோலுக்கும் 1.4 மில்லிமீட்டர் தோலுக்கும் உள்ள வேறுபாடு தேர்ந்த விரலுக்குத் தெரியும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றால்? நுட்பமான கருவி காட்டும், விரல் காட்டாது.

பாட்டுக் கேட்கும் சாதனங்களிலும் இதே கேள்வி எழுகிறது. கைப்பேசியில் பாட்டு எண்களாகவே இருக்கிறது. அந்த எண்களை மின்னலையாக மாற்றி இயர்போனுக்கு அனுப்பும் உறுப்புக்கு டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்று பெயர். சுருக்கமாக 'டேக்' என்பார்கள். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. லட்ச ரூபாயைத் தாண்டியும் விற்கிறது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், இரண்டு மாதச் சம்பளத்தை விலை உயர்ந்த ஒன்றில் போடலாமா?

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். 1982-இல் பிலிப்ஸும் சோனியும் வெளிக்கொணர்ந்த குறுந்தகட்டில் ஒலியலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாகப் பதிகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ளது தொலைந்துபோகுமே என்று பலர் எண்ணுகிறார்கள். படிக்கட்டுப்போல் வரைந்த படங்களே இந்தத் தவறான எண்ணத்துக்குக் காரணம். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்துவிட்டால், அந்த அளவுகளின் வழியே செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். 1928-இல் நைக்விஸ்ட் தொடங்கிய இக்கருத்தை 1949-இல் கிளாட் ஷானன் கணித முறையில் நிறுவினார். இளம் வயதினர் காது கேட்பது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். எனவே 44,100 போதும். மாற்றியிலுள்ள வடிகட்டி படிகளை நீக்கி, பழைய வழவழப்பான அலையையே திருப்பித் தருகிறது.

ஒவ்வோர் அளவும் 16 பிட் எண். அதாவது 65,536 படிகள். மிக உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே இது சுமார் 96 டெசிபல் இடைவெளி தரும். இரவில் அமைதியான வீட்டிலேயே 30 டெசிபல் ஒலி இருக்கும் என்றால், இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இன்று ஒழுங்காக வடிவமைத்த மலிவான சில்லுகளும் இந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றன. விலை ஏறும்போது கிடைப்பது பெரும்பாலும் தோலின் அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதே வட்டாரத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கேமரா மங்கலான விண்மீன் ஒளியை எண்ணாக மாற்றுகிறது. அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் மதிப்புண்டு. ஏனெனில் கடைசியில் கணக்கிடுவது கணிப்பொறி. பாட்டில் கடைசியில் இருப்பது காது.

"நான் கேட்டேனே, வேறுபாடு தெரிந்ததே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது நமக்கு உரத்ததாகத் தோன்றாது, தெளிவானதாகத் தோன்றும். விலைச்சீட்டைப் பார்த்த கண்ணும் காதுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஆகவே இரு சாதனங்களிலும் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, நல்ல மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை நூற்றில் ஒரு பங்குக்குள் சமமாக்க வேண்டும். பிறகு எது எது என்று தெரியாமல் நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லுங்கள். பத்து முறையில் ஐந்து சரியாவது பூவா தலையா போடுவதற்குச் சமம். ஒன்பதோ பத்தோ சரியானால் குருட்டு யோகம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு வாய்ப்பு 1024-இல் 11 மட்டுமே.

இப்படி ஒரு சோதனையை அமெரிக்காவில் மேயர், மொரன் என்ற இருவர் நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். உயர்தர ஒலிப்பதிவை நேராகவும், நடுவே 16 பிட் எண்ணாக்கி மீண்டும் அலையாக்கியும் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. பாதிகூட இல்லை! ஒலியை மிகமிக உயர்த்தி வைத்தபோது மட்டும் இரைச்சல் கேட்டது.

மலிவானவை எல்லாம் நல்லவை என்று இதற்குப் பொருளல்ல. சில கணிப்பொறிகளில் மௌஸை நகர்த்தினாலே இயர்போனில் கிர்ரென்று கேட்கும். சிலவற்றுக்குப் பெரிய ஹெட்போனை ஓட்டும் திறன் இராது. அப்போது வேறு வாங்கத்தான் வேண்டும், ஆனால் லட்சம் தேவையில்லை. மிச்சப் பணத்தை இயர்போனில் போட்டால் வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டும் கேட்கும்; ஒலியில் பெரும் பிழை செய்வது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஷேவிங் மிஷின் அருகே பேச வேண்டுமானால் கத்த வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு. அதற்குக் குறைவான இரைச்சலும் ஆண்டுக்கணக்கில் கேட்டால் காதைக் கெடுக்கும். சேதம் முதலில் தெரிவது 4,000 ஹெர்ட்ஸ் அருகில். பேச்சின் மெய்யெழுத்துகளும் பாடகரின் உச்சரிப்பும் தெளிவு பெறும் இடத்துக்குப் பக்கத்தில். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் செவித்திறன் சோதனை செய்து தரும் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அதை நிரப்பும் மாற்றி எந்தக் கடையிலும் இல்லை. நுரைப் பஞ்சுக் காதடைப்பான் ஒரு ஜோடி சில பத்து ரூபாய்தான்.