வேஷம் யாருடையது, செலவு யாருடையது?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தில் அன்ஸ்ட் என்றொரு சின்னத் தீவு. பிரிட்டனில் ஆள் வசிக்கும் தீவுகளில் இதற்கு வடக்கே இன்னொன்று கிடையாது. 1949 டிசம்பரில் எர்விங் காஃப்மன் என்ற இருபத்தேழு வயது கனடாக்காரர் அங்கே வந்து இறங்கினார். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர். சிறு விவசாயிகளின் பொருளாதாரத்தைப் படிக்க வந்திருப்பதாக ஊரில் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் பார்க்க வந்தது வேறு: நாலு பேர் கூடிப் பேசும்போது ஒவ்வொருவரும் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறார், எதை மறைக்கிறார் என்பதை. ஆக, மனிதர்களின் வேஷத்தை ஆராய வந்தவரே ஒரு வேஷத்தோடுதான் தீவில் கால் வைத்தார்.

தீவின் ஒரே ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையிலும் கொஞ்ச காலம் சேர்ந்துகொண்டார். அதுதான் அவருக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த நடுத்தர வர்க்கச் சுற்றுலாப் பயணிகள். அவர்களுக்கு வெள்ளை மேசைவிரிப்பு, பணிவான பரிமாறல். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததோ அசல் கிராமத்துச் சமையலறை. அடுப்பில் கொதிக்கும் கெட்டில் மேல் ஈரக் காலுறைகள் காய்ந்தன. மிச்சமிருந்த சூப்பில் சில நாள் பூஞ்சை படர்ந்திருக்கும். விருந்தினர் பாதி தின்று உருக்குலைந்து திரும்பிய வெண்ணெய், மறுபடி உருட்டப்பட்டு, புத்தம் புதிதாகத் தட்டில் ஏறியது. ‘புதுசா டீ போடுங்கள்’ என்று யாராவது கேட்டால், வாரக்கணக்கில் பழைய இலை அடியில் அப்பிக் கிடக்கும் குடுவையிலேயே அந்தப் புது டீயும் தயாரானது. நடுவில் இருந்த கதவைப் பற்றி ஓயாத தகராறு. தட்டுகளைச் சுமந்து போகும் பெண்களுக்கு அது திறந்திருக்க வேண்டும். முதலாளிகளுக்கு அது மூடியிருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் ‘அடப்பாவிகளா!’ என்று தோன்றுகிறதா? காஃப்மன் அப்படிச் சொல்லவில்லை. 1956-ல் எடின்பரோவில் முதலில் வெளியாகி, 1959-ல் விரிவான அமெரிக்கப் பதிப்பாக வந்து புகழ்பெற்ற அவருடைய நூலில், அந்த ஹோட்டல்காரர்கள் மோசடிக்காரர்களாக வருவதில்லை. எல்லா மனிதருக்கும் முன்கட்டு ஒன்று, பின்கட்டு ஒன்று உண்டு என்பதற்கு அவர்கள் சாட்சியாக வருகிறார்கள்.

அதே தீவில் அவர் கண்ட இன்னொரு காட்சி இதைவிட நுட்பமானது. வீட்டுக்குள் இருப்பவருக்குச் சன்னல் வழியே வெளியே வருகிறவர் தெரிவார். வருகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ யோசனையில், உம்மென்ற முகத்தோடு நடந்து வருவார். வாசலை எட்டும் நேரத்தில் அந்த முகத்தை உதறிவிட்டுச் சிரித்த முகத்தை மாட்டிக்கொள்வார். உள்ளே இருப்பவருக்கு இதைப் பார்ப்பதில் ஒரு குஷி. விஷயம் தெரிந்த சிலர் மட்டும், எதற்கு வம்பு என்று, தூரத்தில் வரும்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவார்களாம்!

சாப்பாட்டிலும் இதே கதைதான். வெளியூர் விருந்தாளி தீவின் பலகாரத்தைத் தின்றுவிட்டு ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்பார். வீட்டுக்காரம்மா மரியாதையாகப் புன்னகைப்பார். ஆனால் அந்தப் பேச்சை அவர் நம்புவதில்லை. கரண்டி எவ்வளவு வேகமாக வாய்க்குப் போகிறது என்பதைத்தான் கவனிப்பார். மாப்பிள்ளை வீட்டார் வந்து சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்ட எந்தக் கூடத்திலும் இந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் இது நாடகம் என்று தெரியும். யாரும் ஏமாறவில்லை. அதனால் இதைப் பாசாங்கு என்று சொல்வதற்கில்லை. நாலு பேர் முகம் சுளிக்காமல் ஒரே கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்க வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் பாசாங்கு? இந்தக் கேள்விக்கு உதவும் ஒரு பழைய பயணம் இருக்கிறது.

1930 வாக்கில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர், ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்காவைக் காரில் சுற்றினார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 மைல். சீனத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. அது 1943-ல்தான் நீங்கியது. எனவே வழியெல்லாம் அவமானப்பட நேரும் என்று லாப்பியர் எதிர்பார்த்திருந்தார். பல இடங்களில் அவர் பெட்டிகளைக் கவனிக்கிற சாக்கில் பின்தங்கி, தம்பதியை முதலில் உள்ளே அனுப்பிப் பார்த்தார். தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்கள். எத்தனை இடத்தில் மறுத்தார்கள்? ஒரே ஓர் இடத்தில். கலிஃபோர்னியாவின் சிறிய ஊர் ஒன்றில், சாதாரணமான ஒரு முகாம் விடுதிக்காரர் அவர்களை ஜப்பானியர் என்று நினைத்து விரட்டினார். மற்ற எல்லா இடத்திலும் அறை கிடைத்தது, சோறு கிடைத்தது. பல இடங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலான உபசாரமும் கிடைத்தது.

கதை இங்கே முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, அதே இடங்களுக்கு லாப்பியர் கடிதம் அனுப்பினார்: ‘சீன இனத்தவரை உங்கள் விடுதியில் ஏற்றுக்கொள்வீர்களா?’ பதில் எழுதியவர்கள் 128 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ‘மாட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

1934-ல் வெளியான இந்த ஆய்வை இன்றைக்கும் குடைகிறார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று மேசைக்குப் பின்னால் நின்றவரும் ஒரே ஆள்தானா? தம்பதி நல்ல உடையில், சிரித்த முகத்தோடு, தெளிவான ஆங்கிலம் பேசியதும், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்ததும் காரணமாக இருக்காதா? நியாயமான கேள்விகள். ஆனாலும் கணக்கு உறுத்துகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பதுதான் நமக்குப் பழகிய பாசாங்கு. இங்கே எல்லாம் தலைகீழ்: காகிதத்தில் இடித்தவர்கள், வாசலில் வரவேற்றிருக்கிறார்கள். ஆளை நேரில் பார்த்து ‘போ’ என்று சொல்வதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் தேவைப்படுகிறது.

நம் பக்கம் அந்தக் கணக்கு திரும்ப நேராகிவிடுகிறது. காகிதம் வரவேற்கும், வாசல் தடுக்கும். ‘சாதி தடையில்லை’ என்று தொடங்கும் மணமகள் தேவை விளம்பரம், அதே மூச்சில் ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்று முடிவது பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. செய்தித்தாள்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எல்லாம் தனியார் நிறுவனங்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

அதே ஆண்டில் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும், டெல்லி வட்டாரத்தில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசியதை எழுதினார்கள். சாதி பார்க்கிறோம் என்று யார் சொல்வார்கள்? எங்களுக்குத் தகுதிதான் முக்கியம் என்பதே பொதுவான பதில். ஆனால் நேர்முகத் தேர்வில் என்ன கேட்பீர்கள் என்றால், ‘குடும்பப் பின்னணி’ என்றார்கள். அப்பா என்ன வேலை, எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், எந்த ஊரில் வளர்ந்தார். இதில் கவனிக்க ஒன்று உண்டு: அந்த மேலாளர்களில் பலர் பொய் சொல்வதாகவே நினைக்கவில்லை. நல்ல குடும்பம் என்றால் நல்ல தகுதி என்று மனதார நம்பினார்கள். காலுறையைக் கெட்டில் மேல் காயப்போட்டவருக்குக் கதவை மூட வேண்டும் என்ற உணர்வாவது இருந்தது. இவர்களுக்குத் தங்களிடம் ஒரு பின்கட்டு இருப்பதே தெரியவில்லை.

தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கலையின் உள்ளூர் வடிவம் தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. இந்தியாவின் பல மாநிலங்களில் நடக்காத காரியம் இங்கே நடந்தது. பெயரின் வால் உதிர்ந்து முன்னெழுத்து மட்டும் மிஞ்சியது. கேட்கும் ஆசை மட்டும் உதிரவில்லை. அது சுற்றுவழி பிடித்தது. ‘சொந்த ஊர் எது தம்பி?’ ‘அந்த ஊர்ல எந்தத் தெரு?’ ‘குலதெய்வம் எங்க இருக்கு?’ ‘சைவமா, அசைவமா?’ நாலு கேள்வி தாண்டியதும், ‘பையன் அமெரிக்காவிலிருந்து வர்றான், வீடு இப்ப குடுக்கிறதா இல்லை’ என்று பதில் வரும். பலகை மட்டும் வாசலில் மறுவாரமும் தொங்கும். வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்படுகிற அளவுக்காவது மனிதர்களை மாற்றியது அந்த இயக்கத்தின் வெற்றி என்று வாதிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அட்வான்ஸ் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆறாவது தெருவில் அலைகிறவருக்கு அந்தக் கூச்சத்தால் என்ன லாபம்?

இதற்கெல்லாம் மருந்தாக இன்று ஊரெங்கும் விற்கப்படும் அறிவுரை ‘நீ நீயாக இரு’ என்பது. அதற்கென்றே ஒரு செயலி வந்தது. பிரான்சில் பிறந்த ‘பீரியல்’, 2020-ல் அறிமுகமானது. நாளுக்கு ஒருமுறை எதிர்பாராத நேரத்தில் மணி அடிக்கும். இரண்டு நிமிடத்துக்குள் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துப் படம் எடுத்துப் போட வேண்டும். ஒப்பனைக்கு நேரமே கிடையாது என்பது திட்டம். ஆனால் தாமதமாகப் போடவும் திரும்பத் திரும்ப எடுக்கவும் வழி இருந்தது. எனவே அழகான இடத்துக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்து ‘இயல்பாக’ இருந்தார்கள் பலர். 2024-ல் அந்தச் செயலி 50 கோடி யூரோவுக்குக் கைமாறியது. இயல்புக்கும் சந்தையில் நல்ல விலைதான்.

தானாக இருப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாவதில்லை என்பதை அழுத்திச் சொன்னவர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட். அமெரிக்கச் சமூகவியலாளரான இவர் அட்லாண்டாவில் டெல்டா விமான நிறுவனத்தின் பயிற்சி மையத்துக்குப் போய்ப் பணிப்பெண்களுக்கு என்ன கற்றுத்தருகிறார்கள் என்று கவனித்தார். விமானத்தை உங்கள் வீட்டுக் கூடமாக நினையுங்கள், பயணியை உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நினையுங்கள் என்பது பாடம். உதடு சிரித்தால் போதாது, உள்ளிருந்து சிரிக்க வேண்டும். 1983-ல் வந்த அவருடைய புத்தகம் கேட்டது ஒன்றைத்தான்: மூட்டை சுமப்பவருக்கு முதுகு தேய்வதைப்போல, சிரித்தே பிழைப்பவருக்கும் ஏதோ ஒன்று தேயுமல்லவா? வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் சிரிப்பைக் கழற்ற முடியாமல் தவித்த பெண்கள் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

விமானம் வரை போக வேண்டாம், தியாகராய நகர் போதும். பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை மேல் கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே புடவையை விரிப்பார். மாடி மேல் மாடியாகக் கடைகள் எழுந்த பிறகு, விற்பவர் எழுந்து நின்றார். அப்புறம் உட்காரவே இல்லை. ‘கிராண்டா பார்க்கிறீங்களா மேடம், சிம்பிளாவா?’ என்று கேட்கிற பெண் காலையில் நின்றவர், கடை சாத்தும் வரை நிற்கிறார். நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு ‘இன்னொரு கடை பார்த்துட்டு வர்றோம்’ என்று எழுந்து போகிறவரிடமும் அவர் முகம் மாறக்கூடாது. மாறினால் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2010-ல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’ இந்தப் பிள்ளைகளின் பின்கட்டைத் திரையில் காட்டியது. ‘அந்தப் பொண்ணு சிரிப்பெல்லாம் சும்மா, வியாபாரத்துக்கு’ என்று படியிறங்கும்போது சொல்கிறோமே, அது சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு வாங்கியது யார்?

கேரளத்தில் கடைப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, உட்காரும் உரிமையை 2018-ல் சட்டத்தில் பெற்றார்கள். தமிழ்நாடு 2021-ல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி செய்துதர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இருந்தும் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தால், ‘உட்கார்ந்தே காட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்லை’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கும் கேட்க வேண்டும்.