பன்னாட்டு மாணவர் இல்லம்

நியூயார்க்கு நகரில் கொலம்பியப் பல்கலைக் கழகம் இருக்கின்றது. அதன் பழைய நூல்நிலையத்திற்கு முன்னே அகன்ற கற்படிகள் உண்டு. 1909ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, ஹாரி எட்மண்ட்ஸ் என்னும் இளைஞர் அப்படிகளின் வழியே சென்றுகொண்டிருந்தார். எதிரே சீன மாணவர் ஒருவர் வந்தார். முன்பின் அறியாதவரே எனினும், எட்மண்ட்ஸ் அவருக்குக் காலை வணக்கம் கூறிவிட்டு அப்பால் நடந்தார். பின்னர்த் திரும்பிப் பார்த்தபோது, அம்மாணவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எட்மண்ட்ஸ் அவரிடம் மீண்டு வந்தார். தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆயின என்றும், தம்மிடம் வாய் திறந்து பேசிய முதல் மனிதர் அவரே என்றும் கூறி அம்மாணவர் நன்றி தெரிவித்தார்.

அக்காலத்தில் அந்நகரில் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே ஒருவர் மூன்று வாரம் ஊமையாய்த் திரிந்தார் என்றால், அத்தனிமையின் கொடுமையை என்னென்பது! வகுப்பில் ஆசிரியர் பாடம் சொல்லுவார், மாணவர் குறிப்பெடுப்பார், மணி அடித்ததும் எல்லாரும் கலைந்துவிடுவர். கடல் கடந்து படிக்க வந்தவர் புத்தகத்தை மட்டும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். அவரைச் சூழ்ந்திருந்த மக்களும் அவரைப்பற்றி யாதொன்றும் அறியாமலே இருந்துவிடலாம்.

எட்மண்ட்ஸ் இந்நிகழ்ச்சியைத் தம் மனைவியாரிடம் சொன்னார். அயல்நாட்டு மாணவர் சிலரை ஞாயிறுதோறும் இராவுணவுக்கு அழைப்போம் என்றார் அவ்வம்மையார். அங்ஙனமே அழைத்தனர். சிலர் பலராயினர், வீட்டில் இடம் போதவில்லை. அதிலிருந்து பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்த ஒரு மன்றம் தோன்றிற்று.

மாணவர் மன்றம் என்பது அந்நாட்டிற்குப் புதிதன்று. நியூயார்க்கு மாநிலத்திலேயே, இதாக்கா என்னும் சிற்றூரில், கார்னெல் பல்கலைக் கழகத்தில் 1904ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு மாணவர் மன்றம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. எல்லா நாடுகளுக்கும் மேலானது மனித இனம் என்பது அதன் குறிக்கோள். இத்தகைய மன்றங்கள் பல பல்கலைக் கழகங்களில் கிளைத்து, 1907இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை பயின்ற இரதீந்திரநாதர், அதாவது கவியரசர் தாகூரின் மகனார், அங்கு இத்தகைய மன்றம் தோன்ற முன்னின்றவர்களுள் ஒருவர்.

கார்னெல் மன்றத்தார் நாட்டு இரவு என ஒன்றை நடத்துவது வழக்கம். ஓர் இரவு பிலிப்பைன் மாணவர்களுக்கு உரியது, மற்றோர் இரவு சீனருக்கு உரியது, இவ்வாறே பிறர்க்கும். அந்தந்த நாட்டார் தம் பாட்டையும் ஆட்டத்தையும் உடையையும் பழக்கவழக்கங்களையும் அவையோர்க்குக் காட்டுவர். இத்தகைய விழாக்களைக் கண்டு, உடையையும் உணவையும் பார்த்தால் உலக அறிவு வந்துவிடுமா என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் கேள்விகள் தொடங்கும். உங்கள் நாட்டில் பெண்கள் ஏன் கல்வி பெறுவதில்லை? உங்கள் அரசனுக்கு அவ்வதிகாரத்தை அளித்தவர் யார்? இவ்வாறு எதிரே இருப்பவர் கேட்டால் வாளாவிருத்தல் இயலாது, மழுப்புதலும் இயலாது. விழாவின் பயன் அவ்விடத்தில்தான் இருக்கின்றது.

இதற்குச் சான்றாக விளங்குபவர் ஹூ ஷி என்னும் சீனப் பேரறிஞர். அவர் 1910ஆம் ஆண்டில் உதவிச் சம்பளம் பெற்றுக் கார்னெலுக்கு வந்தார். முதலில் வேளாண்மையைப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் ஆய்வகத்தில் பலவகை ஆப்பிள் பழங்களை முன்னே வைத்து, அவற்றை இனம் பிரித்துப் பெயர் எழுதுமாறு பணித்தனர். பழத்தோட்டங்களுக்கிடையே வளர்ந்த அமெரிக்க மாணவர்கள் விரைவில் எழுதிவிட்டு எழுந்து போயினர். ஹூ ஷியோ நெடுநேரம் முயன்றும் பலவற்றைத் தவறாகவே எழுதினார். சீனத்தில் விளையாத அப்பழங்களின் பெயரை நெட்டுருச் செய்வதால் யாது பயன் என்று எண்ணி, வேளாண்மையைக் கைவிட்டு மெய்ப்பொருளியலில் புகுந்தார். பின்னாளில் அவரே இதனை நகைச்சுவையோடு சொல்லியிருக்கின்றார்.

1911இல் சீனத்தில் புரட்சி மூண்டது. அடுத்த ஆண்டில் முடியரசு நீங்கிக் குடியரசு ஏற்பட்டது. சீனத்தில் நடப்பது என்ன என்று அமெரிக்க மக்கள் அறிய விரும்பினர். ஊர்தோறும் சொற்பொழிவாளரைத் தேடினர். பன்னாட்டு மன்றத்தின் இல்லத்தில் தங்கி, அதன் தலைவராகவும் பணியாற்றிய ஹூ ஷியை அவர்கள் அழைத்தனர். அவர் மேடை ஏறிய பின்னரே தமக்குத் தம் நாட்டைப்பற்றித் தெரியாதவை எத்துணை என்பதை உணர்ந்தார். கேட்பவர் ஐயத்தைத் தீர்க்கும்பொருட்டுத் தம் நாட்டு வரலாற்றையே மீண்டும் படித்தார். தாய்நாட்டில் இருந்தபோது கேட்க எவரும் இல்லாத கேள்விகளை அயல்நாட்டில் கேட்டனர். பிறநாட்டை அறியச் சென்றவர் முதலில் தம் நாட்டைப்பற்றித் தேர்வெழுத நேர்ந்தது!

இதற்காக அவர் ஓர் இழப்பையும் அடைந்தார். சொற்பொழிவுகளில் மிகுதியாகக் காலத்தைச் செலவிட்டார் என்று கருதி, பல்கலைக் கழகத்தார் அவருடைய உதவிச் சம்பளத்தை நிறுத்திவிட்டனர். அவர் 1915இல் கொலம்பியப் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். சில ஆண்டுகளில் தாயகம் திரும்பி, கற்றோர் மட்டும் அறிந்த பழைய நடையை விடுத்து மக்கள் பேசும் மொழியிலேயே எழுதவேண்டும் என்னும் இயக்கத்திற்குத் தலைவர்களுள் ஒருவராக நின்றார். 1938 முதல் 1942 வரை அமெரிக்காவில் சீனத்தின் தூதராகவும் விளங்கினார்.

இனி, மன்றங்களின் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறுதலும் முறையன்று. 1913ஆம் ஆண்டில் பல நாட்டு மாணவர்களின் மாநாடு கார்னெலிலேயே கூடிற்று. உலக அமைதியைப்பற்றிப் பேசினர், ஒன்றாக உண்டனர், கைகுலுக்கிப் பிரிந்தனர். மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் வெடித்தது. ஐரோப்பிய மாணவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டு எதிரெதிர் அணிகளில் துப்பாக்கி ஏந்தினர். நட்பு போரைத் தடுக்கவில்லை. அந்த மாநாட்டு உரைகளின் பயன் யாது என்று ஒருவர் வினவினால், விடை கூறுதல் எளிதன்று.

எட்மண்ட்ஸ் மனந்தளரவில்லை. வாரத்தில் ஒரு நாள் கூடிப் பிரிவது போதாது; ஒரு கூரையின்கீழ் வாழவேண்டும் என்று அவர் எண்ணினார். செல்வர் இளைய ராக்பெல்லர் பொருளுதவி புரிந்தார். 1924ஆம் ஆண்டில் நியூயார்க்கில், ஹட்சன் ஆற்றங்கரைச் சாலையில், பன்னாட்டு மாணவர் இல்லம் திறக்கப்பெற்றது. சகோதரத்துவம் ஓங்குக என்னும் கருத்துடைய சொற்றொடர் அதன் வாயிலின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டவர்க்கு மட்டும் விடுதி கட்டினால் அதுவும் ஒரு தீவாகவே முடியும். ஆகையால், அமெரிக்க மாணவர்களும் அங்கே தங்குமாறு ஏற்பாடு செய்தனர். இந்த ஏற்பாடே அவ்வில்லத்தின் உயிர் என்பது என் கருத்து.

மேற்குக் கடற்கரையில் பெர்க்கிலி நகரத்தில் இரண்டாவது இல்லத்தை எழுப்ப முயன்றபோதுதான் உண்மையான சோதனை வந்தது. அக்காலத்தில் அந்நகரில் வெள்ளையரல்லாத மாணவர்க்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது அரிது. பல்கலைக் கழகத்தை அடுத்த பீட்மாண்டுச் சாலையில் மாணவர் சங்க விடுதிகள் வரிசையாக இருந்தன. அவை ஆசிய மாணவரையும் நீக்ரோ மாணவரையும் உள்ளே விடுவதில்லை. எட்மண்ட்ஸ் வேண்டுமென்றே அச்சாலையையே தேர்ந்தெடுத்தார். எதிர்ப்புப் புயல்போல் எழுந்தது. பல இனத்தவர் ஒரே கட்டடத்தில் வாழ்வதா என்று சிலர் சீறினர்; ஆடவரும் மகளிரும் ஒரே இல்லத்தில் தங்குவதா என்று சிலர் வெகுண்டனர். நூற்றுக்கணக்கானோர் திரண்ட எதிர்ப்புக் கூட்டம் ஒன்றில், டிலைலா பீஸ்லி என்னும் நீக்ரோப் பெண்மணி எழுந்து அவ்வில்லத்தை ஆதரித்துப் பேசினார். அவர் பத்திரிகையாளர், தம் இனத்தாரின் வரலாற்றை எழுதியவர். சினங்கொண்ட கூட்டத்தின் நடுவே தனியே நின்று பேசிய அவருடைய நெஞ்சுரத்தை நாம் மறத்தல் ஆகாது. 1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வில்லம் திறக்கப்பட்டது.

ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் மீண்டும் இருள் சூழ்ந்தது. 1942இல், சப்பானோடு போர் நிகழ்ந்த காலத்தில், பசிபிக் கடற்கரையில் வாழ்ந்த சப்பானிய வழியினர் யாவரையும் அரசாங்கம் வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அமெரிக்க மண்ணிலே பிறந்தவர்களும் அதற்கு விலக்கல்லர். பெர்க்கிலியில் பயின்ற மாணவர்களும் பாதியில் படிப்பை விட்டுச் சென்றனர். இல்லத்தின் கதவு திறந்திருந்தும் நாட்டின் கதவு அடைபட்டது.

போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், புல்பிரைட்டு என்னும் அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இளமையில் ஆக்சுபோர்டில் உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்றவர் அவர். அயல்நாடுகளில் எஞ்சிக் கிடந்த போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக்கொண்டு மாணவரையும் ஆசிரியரையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்பது அவர் திட்டம். போர்க் கருவியின் விலை புத்தகமாக மாறியது! 1950இல் இந்தியாவும் இத்திட்டத்தில் சேர்ந்தது. அதன்படி நம் நாட்டிலிருந்து பல்லாயிரவர் சென்று பயின்றுள்ளனர்; அங்கிருந்தும் பலர் இங்கு வந்துள்ளனர்.

நியூயார்க்கு இல்லமும் பெர்க்கிலி இல்லமும் இன்றும் நடைபெறுகின்றன. பெர்க்கிலியில் ஏறத்தாழ 600 பேர் தங்குகின்றனர். அறைகள் சிறியவை, உண்ணும் கூடமோ பெரியது. புதிதாக வந்த மாணவர் தட்டில் உணவை ஏந்திக்கொண்டு, எந்த மேசையில் அமர்வது என்று அறியாமல் ஒரு கணம் தயங்கி நிற்பார். தம் மொழி பேசுவோர் ஒரு மூலையில் இருப்பர். அவர்களோடு சேர்ந்துகொண்டால் தொல்லையில்லை. ஆனால் நடு மேசையில் ஒருவர் தம் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரே இருக்கும் நாற்காலியை அவருக்குக் காட்டுகின்றார்.