முன்போல் உழைக்காத உடுப்பு

"அந்தக் கடையில இப்ப சாமான் சரியில்லை பிள்ளை." திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாரோடும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வசனம் வராமல் இருக்காது. அம்மன் கோயில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்குப் போய், ஒரே புடவைக்கடையில் காலம் காலமாக எடுத்து வந்தவர்கள் இவர்கள். கடைக்காரரின் தகப்பனையும் தெரியும், அவர் காலத்தில் எடுத்த நூல் சேலை எத்தனை வருடம் உழைத்தது என்பதும் தெரியும். இன்று அதே கடையில் எடுத்த சட்டை நாலு தோய்ச்சலில் கழுத்து இளகி, கக்கத்தில் பிரிந்து, வீடு துடைக்கப் போய்விடுகிறது. வீட்டிலுள்ள இளசுகளோ, "உங்களுக்கு எப்பவும் பழசுதான் நல்லது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

வயதானவர்கள் சொல்வது சரி. துணி உண்மையாகவே மாறியிருக்கிறது. எங்கே மாறியது, ஏன் மாறியது என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன். இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, அலுமாரியிலிருந்து பழைய சட்டை ஒன்றும் புதுச்சட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.

முதலில் நூல். பஞ்சில் நீளமான இழையும் உண்டு, கட்டை இழையும் உண்டு. நல்ல துணிக்கு நூற்கும்போது பஞ்சைச் சீப்பால் வாருவதுபோல் வாரி, கட்டை இழைகளைக் கழித்துவிடுவார்கள். கழிவு கூடுவதால் அந்த நூலுக்கு விலையும் கூட. மலிவு நூலில் இந்த வேலை நடக்காது. கட்டை இழைகளும் சேர்ந்தே முறுக்கப்படும். புதிதாக இருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. உடுத்தித் தோய்க்கத் தோய்க்க அந்தக் கட்டை இழைகளின் நுனி வெளியே வந்து, உரசுகிற இடத்தில் சிறு சிறு உருண்டையாகத் திரளும். கொட்டன் மட்டும் என்றால் அந்த உருண்டை கொஞ்ச நாளில் தானாக உதிர்ந்துவிடும். பொலியெஸ்டர் கலந்திருந்தால் உதிராது. பொலியெஸ்டர் இழை பலமானது, அது உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுச்சட்டையின் கக்கத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். தெரியும்.

அடுத்தது துணியின் நிறை. ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கில்தான் ஆலைகள் துணி விற்கின்றன. 180 கிராம் துணியில் தைத்த ரீ-சேர்ட்டை 150 கிராமுக்கு இறக்கினால் நூலில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். கடையில் மடித்து வைத்திருக்கும்போது ஒருவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் அதே, கழுத்து அதே, லேபலும் அதே. ஒரு மடிப்பை மட்டும் விரித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தத் துணி எமது ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் நிற்காது.

கடையில் தொடும்போது வழுவழுப்பாக இருந்ததே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் பூச்சு. மெதுமையாக்கும் மருந்தோ கஞ்சியோ ஏற்றி அனுப்புவார்கள். முதல் இரண்டு தோய்ச்சலில் அது போய்விடும். அதற்குப் பிறகு கையில் இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துணி. ஒரு மூலையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து நன்றாகத் தேய்த்தால் கஞ்சி மாவாக உதிரும். பழைய ஆட்கள் கடையில் துணியைக் கசக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்துப் பிள்ளைகள் வெட்கப்படத் தேவையில்லை.

இனி சட்டையை மறுபக்கம் புரட்டுங்கள். எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற இடம் இதுதான். பழைய சட்டையின் உள்ளே தையலுக்கு அப்பால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் துணி விட்டிருப்பார்கள். உடம்பு வைத்தால் பிரித்துவிடலாம். தையல் விட்டால் இன்னொரு தையல் போடலாம். அக்கா உடுத்ததைத் தங்கைக்குச் சரிப்படுத்தலாம். புதுச்சட்டையில் ஓவர்லொக் மெஷின் தைக்கும்போதே கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டித் தள்ளிவிடுகிறது. பிரித்துவிட உள்ளே ஒன்றும் இல்லை. தையலையும் எண்ணிப் பாருங்கள். நல்ல சேர்ட்டில் ஓர் அங்குலத்துக்குள் பதினாலு தையலுக்கு மேல் இருக்கும், அவசரத்தில் தைத்ததில் எட்டோ ஒன்பதோதான். தையல் எண்ணிக்கை குறைந்தால் வேலை சீக்கிரம் முடியும், நூலும் மிச்சம். சல்லியில் வலை பொத்தத் தெரிந்தவர்களுக்கு நான் இதை நீட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை. தங்கூசி வலை மலிவு, ஆனால் கிழிந்தால் அதைப் பொத்திக்கொண்டிருக்க யாரும் மினக்கெடுவதில்லை, எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். இப்போதைய உடுப்பும் அப்படி, திருத்த முடியாத விதமாகவே தைக்கப்படுகிறது.

பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வருகிறதே, அதற்கும் காரணம் உண்டு. பின்னல் துணியை ஆலையில் ஆறவிட்டுப் பதப்படுத்த நேரம் கொடுக்காவிட்டால் நூலின் முறுக்கு தோய்க்கும்போது தன் பக்கம் இழுக்கும். நெய்த துணி என்றால், வெட்டும்போது கொஞ்சம் துணி மிச்சம் பிடிக்கத் துண்டுகளைச் சரித்து வைத்து வெட்டியிருப்பார்கள். உடுப்பின் செலவில் பெரிய பங்கு துணிக்குத்தான். பழைய புடவைக்கடையில் பொப்ளின் கேட்டால் கரையில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கையால் சர்ரென்று கிழித்துத் தருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்படிக் கிழித்தால் நூல் ஓடும் வழியே நேராகப் போகும். அந்தத் துணியில் தைத்த சட்டை கோணாது.

அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 1977க்கு முன் தட்டுப்பாடு. ஒரு வீட்டில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ உடுப்பு, கியூவில் நின்று எடுத்தது. நிறம் பார்த்து எடுக்க வழியில்லை. ஆனால் உள்நாட்டு ஆலைகள் இருந்தன. கேகாலைப் பக்கம் துல்ஹிரியவில் 1960களில் கிழக்கு ஜேர்மனியின் உதவியோடு கட்டிய பெரிய ஆலை ஒன்று இந்த நாட்டு மக்களுக்காகத் துணி நெய்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் பிரேமதாச அரசு நாடு முழுக்க 200 ஆடைத் தொழிற்சாலை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. துல்ஹிரிய ஆலை கொரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், பிறகு மூடப்பட்டது. இன்று அந்த வளாகத்தில் உடுப்பு ஏற்றுமதி செய்கிற எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 2008இல் இங்கிலாந்தின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சருக்காகவே சூழலைப் பேணும் முறையில் கட்டப்பட்டது.

இலங்கையிலிருந்து வருடத்துக்குச் சுமார் 500 கோடி டொலருக்கு உடுப்பு வெளியே போகிறது. அதைத் தைப்பது எங்கள் நாட்டுப் பெண்பிள்ளைகள். போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் மட்டக்களப்பின் புணாணையிலும்கூடத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே தைக்கிற ஒவ்வொரு கட்டு உடுப்பிலும் சிலதை எடுத்துத் தையல், அளவு, சாயம் எல்லாம் பரிசோதிப்பார்கள். பிழை கூடினால் முழுக் கட்டும் திரும்பும். வாங்குகிறவன் வெளிநாட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்டு வாங்குகிறான். திருகோணமலைக் கடைக்கு வருகிற உடுப்புக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. ஆகவே எங்கள் கைகளுக்குத் தைக்கத் தெரியாமல் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கை அதே கைதான்.

லண்டனிலிருந்து தம்பி மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரில் எடுத்துக்கொண்டு வருகிற சேர்ட் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடையின் கதையையும் சொல்ல வேண்டும். 1884இல் லீட்ஸ் நகரச் சந்தையில் மைக்கல் மார்க்ஸ் என்ற ஏழை யூதக் குடியேறி ஒரு பென்னிக்கு ஒரு சாமான் என்று விற்கத் தொடங்கியதுதான் பின்னாளில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் ஆனது. 1928இல் சென்ட் மைக்கல் என்ற முத்திரையைப் பதிந்தார்கள். 1930களிலேயே துணியைப் பரிசோதிக்கத் தங்களுக்கென்று ஆய்வுகூடம் வைத்திருந்தார்கள். சாமானில் பெரும்பகுதியைப் பிரித்தானிய ஆலைகளிலேயே செய்வித்தார்கள். 1998இல் ஆண்டு இலாபம் 100 கோடி பவுணைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பாதியளவுக்கு விழுந்தது. செலவைக் குறைக்க வெளிநாட்டுக்குத் திரும்பினார்கள். முப்பது வருடமாகத் தைத்துக் கொடுத்த வில்லியம் பெயர்ட் என்ற நிறுவனத்தை 1999இல் கைவிட்டார்கள். 2000இல் சென்ட் மைக்கல் முத்திரையும் போனது. அதற்குப் பிறகு அங்குள்ள வயதான பெண்கள் சொன்னதெல்லாம் சல்லியில் கேட்கிற அதே முறைப்பாடுதான்: துணி மெல்லிசு, அளவு உடுப்புக்கு உடுப்பு மாறுகிறது, கை வைத்த சட்டையே இல்லை. நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே பங்குதாரர்களாக எழுந்து நின்று சொன்னார்கள்.

கை வைத்த சட்டை. இது சின்ன விஷயம் இல்லை. எழுபது வயதில் தோள் வலிக்கும், பின்னுக்குக் கொக்கி பூட்டக் கை போகாது. முன்கொக்கி வைத்த பிளவுஸ் வேண்டும், முழங்கை மறைய வேண்டும், கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வியர்வை குடிக்கிற துணி வேண்டும். கொட்டன் இழை தன் நிறையில் ஏழு எட்டு வீதம் ஈரத்தைச் சாதாரணமாகவே பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூடப் பிடிக்காது. உலகத்தில் இன்று செய்யப்படும் இழையில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர், கொட்டன் ஐந்தில் ஒன்றளவுதான். கடையில் கொட்டன் குறைந்து போனது உங்கள் பிரமை இல்லை. எழுபதுகளின் நைலெக்ஸ் சேலை கிழியவே இல்லையே என்று ஒரு மாமி சொன்னார். உண்மை. அது உழைக்கிற துணி, ஆனால் அந்தச் சேலையோடு வெயிலில் நின்ற கஷ்டத்தையும் அவரே சொன்னார்.

விலை எப்படித் துணியைத் தின்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. துணி, நூல், பொத்தான் எல்லாம் டொலருக்கு வருகிறவை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. ஆனால் சல்லியில் வலை இழுக்கிறவரின் வருமானம் அப்படி ஏறவில்லை. கடைக்காரர் விலையைக் கூட்டினால் சனம் வராது. ஆகவே இந்த விலைக்குள் ஒரு சட்டை வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, அந்த விலைக்கு எது கிடைக்குமோ அதைக் கொழும்பில் எடுத்து வருகிறார். நிறையில் கொஞ்சம், தையலில் கொஞ்சம், பொத்தானில் கொஞ்சம் குறையும். அவருடைய இக்கட்டு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் ஒன்றைக் குற்றம் என்றே சொல்வேன்: விலையைக் கூட்டியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும், யோசித்து வாங்கியிருப்போம். துணியைக் குறைத்துவிட்டு அதே பெயரில், அதே லேபலில் விற்பது நம்பி வந்த கிழவிக்குச் செய்கிற அநியாயம். கடையில் நிற்கிற பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள். காலையிலிருந்து இரவு வரை நின்ற நிலையில் வேலை செய்கிறார்கள். துணியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்க வேண்டியது முதலாளியிடம், பில்லோடு. பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடவும் முடியும். பில் இல்லாமல் எங்கே போனாலும் பேச்சு எடுபடாது.

கொட்டனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் துணியின் உள்கரையிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கொட்டன் கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணிபோல இறுகும். கலப்பு என்றால் இரண்டும் தெரியும்.

வயதானவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தைத்த உடுப்பை விட்டு மீற்றர் துணிக்குத் திரும்புங்கள். மருதமுனையில் இன்றும் கைத்தறி நெய்கிறார்கள், சேலையும் சாரமும். வாயில், பொப்ளின் துணிகள் டவுனில் கிடைக்கும். தையல் கூலி சேர்த்தால் விலை கூடத்தான் வரும். ஆனால் இரண்டு கடைச்சட்டை கிழிகிற காலத்துக்கு அது நிற்கும், உடம்புக்கும் பொருந்தும். டெயிலரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்: பக்கத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், கக்கத்தில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள், மிஞ்சும் துண்டை எறியாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள், பிறகு ஒட்டுப் போட உதவும். கொடுப்பதற்கு முதல்நாள் துணியை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், டெயிலர் எடுத்த அளவு அளவாகவே இருக்கும்.