48 மணி நேரத்துக்குப் பிறகு

சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. போற்றத்தக்க திட்டம் அது. ஆயினும் தலையில் அடிபட்டவரைப் பொறுத்தவரை, உயிர் பிழைத்து வீடு திரும்பும் நாளில் தொடங்கும் நெடுங்காலத்துக்கு அதே தெளிவோடு வகுக்கப்பட்ட ஏற்பாடு இன்னும் அமையவில்லை.

நெற்றிக்குப் பின்னே அமைந்து, திட்டமிடுதலையும் பொறுமையையும் ஆளும் மூளைப்பகுதி முன்மடல் எனப்படும். அது சிதைவுற்றால், கைகால் வலுவும் பேச்சும் மீண்டவர்கூட, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு அதன் எதிரிலேயே நின்று, அது பொங்கி வழியும்போதும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். தமக்குக் குறை இருப்பதையே உணராமை, காரணமற்ற கோபம், சிறு வேலைக்கே வரும் கடும் அயர்ச்சி, ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடிய வலிப்பு ஆகியவை யாவும் காயத்தின் விளைவுகளே. இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் உற்றார் கடிந்துகொள்வது பெருங்கொடுமை.

சட்டமும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஊனத்தை எளிதில் காண்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. இயக்கக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, மனநோய் முதலிய வகைகளின் கீழேயே அது அளக்கப்படுவதால், நடந்து சென்று நன்றாகப் பேசுபவர், பல சலுகைகளுக்கு வேண்டிய 40 விழுக்காட்டை எட்டாமல் போகக்கூடும். எனவே நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்கும் நரம்பியல் உளவியல் மதிப்பீட்டு அறிக்கையுடன், ஊனச் சான்றளிக்கும் மருத்துவக் குழுவின் முன் செல்வதே அறிவுடைமை. அரசு ஊழியராயின், பணிக்காலத்தில் ஊனமுற்றார் என்பதற்காக அவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது என்றும், பழைய வேலை இயலாதெனில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது.

இழப்பீட்டில்தான் குடும்பங்கள் பெரிதும் ஏமாந்துபோகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச்செய்ய வேண்டும் என்கிறது. அந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருப்பினும், அவ்வழக்கின் முடிவை நம்பிக் காலந்தாழ்த்துவது ஆபத்து. மனுவில் மருத்துவச் செலவை மட்டும் கேட்டு நிறுத்திவிடலாகாது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுவதும் இரு உதவியாளர்கள் தேவை என ஏற்ற உச்ச நீதிமன்றம், அதற்கென மட்டும் 21.6 லட்சம் ரூபாயை 2020இல் கணக்கிட்டு வழங்கியது. தொடர்ந்த பராமரிப்பு தயவால் கிடைப்பதன்று, உரிமை என்பதற்கு அத்தீர்ப்பே சான்று.

ஆகவே மருத்துவக் குழுவிடமும் தீர்ப்பாயத்திலும் சான்றாகக் காட்ட, மறதி, வலிப்பு, கோபம், உடனிருந்து செய்ய வேண்டிய உதவி ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்துவரும் பழக்கத்தைக் குடும்பத்தினர் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். அதைப் பெற அழைக்க வேண்டிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100.